செல்வம்மாளின் பாடு

லைட்ஹவுஸ் குப்பத்துக் கைபம்பில் முறை தப்பிக் குடம் வைத்துவிட்டு, செல்வம்மாளிடம் பேச்சு வாங்காமல் போனவர்கள் கிடையாது. கத்த மாட்டாள், குடத்தைத் தள்ள மாட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யக்கா, உனக்கு முன்னாடி குப்பன் மாமா வூட்டுக் கொடம் கீது பாரு" என்பாள். இத்தனைக்கும் அவள் குடம் வரிசையில் எங்கோ பின்னால் இருக்கும். ஊரார் வீட்டுக் குடத்துக்குத்தான் இந்த வக்காலத்து. தன் முறை வந்துவிட்டாலோ, ஊர்ப் பெரியவரே வந்து கேட்டாலும் நகர மாட்டாள். வக்கீல் வீட்டில் பிறக்க வேண்டியது வழி தவறி வரதன் வீட்டில் வந்து பிறந்துவிட்டது என்று குப்பத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் அம்மா இருசம்மாள் மட்டும் சிரிக்க மாட்டாள். "இந்த வாய வெச்சிக்கினு எங்க போயி பொழைக்கப் போறாளோ" என்று அலுத்துக்கொள்வாள்.

முறை என்பது அந்தக் குப்பத்தில் சின்ன சமாசாரம் இல்லை. அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே முறையில்தான். பழவேற்காடு ஏரிக்குள் கடல் தண்ணீர் நுழைகிற வாய்க்குப் பக்கத்தில், இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. நினைத்தவன் நினைத்த நாளில் அங்கே வலை கட்ட முடியாது. கல்யாணமான ஆம்பிளைகளின் பேரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். முதல் சீட்டுக்காரனுக்கு முதல் நாள், அடுத்த சீட்டுக்காரனுக்கு அடுத்த நாள். அதற்குப் பேர் பாடு. இன்றைக்கு என் பாடு, நாளைக்கு உன் பாடு. கடைசிச் சீட்டில் வந்தவன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். அவனுக்கும் ஒரு நாள் வரும், அந்த நாளில் வேறு எவனும் அங்கே வலைக்கம்பு ஊன்ற மாட்டான். குப்பத்துச் சீட்டு யாருக்கு முன்னாடி, யாருக்குப் பின்னாடி என்று சொல்லுமே தவிர, யாருக்கு இல்லை என்று சொல்லாது.

பெண்பிள்ளைகளுக்கு இல்லை என்பது மட்டும் சீட்டு எழுதுவதற்கு முன்பே முடிவான விஷயம். வரதனுக்கு மூன்றும் பெண். அவர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. கடைக்குட்டி செல்வம்மாள் சின்ன வயசில் சீட்டுக் குலுக்கும் இடத்துக்குப் போய், "நைனா, என் பேரையும் எழுதச் சொல்லு" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறாள். கேட்டதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. நம்மைக் கேட்டால் நமக்கும் புரியாதுதான்.

அக்காமார் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு போன பிறகு, இவள் தினமும் படகில் ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரி காலேஜில் விலங்கியல் படித்தாள். குப்பத்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். அதற்கு வரதன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "படிப்பு முடியறதுக்குள்ள ஒரு வேலையக் காட்டு. காட்டலேன்னா உங்கம்மா கூடையத் தூக்கிக்கினு சந்தைக்குப் போ." இருசம்மாள் மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்வம்மாள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, எண்பத்திரண்டில், காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ராயபுரத்துப் பக்கம் வெங்கடாத்ரி மரைன் என்று ஒரு கம்பெனி. இறாலைச் சுத்தம் பண்ணி, உறைய வைத்து, ஜப்பானுக்கு அனுப்புகிறவர்கள். கோடை லீவில் மூன்று மாசம் அவர்களுடைய லேபிலும் ஆபீசிலும் டிரெய்னியாக இருக்க ஒரே ஒரு ஆள் வேண்டும். ஒழுங்காக இருந்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை.

ஒரே ஒரு ஆள் என்றதும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்களெல்லாம் தனித்தனி மூலையில் உட்கார்ந்துகொண்டார்கள். லைப்ரரியில் இறால் பற்றி இருந்த ஒரே புத்தகம் காணாமல் போனது. அது யார் வீட்டுப் பாய்க்கு அடியில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. கண்ணப்பன் என்கிற மகராசன் இன்டர்வியூ தள்ளிப் போய்விட்டது என்று ஒரு புரளியைக் கிளப்பினான். அதை நம்பி இரண்டு பேர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் கௌஸ் மைதீன், கடைசி வருஷம் படித்தவன். அவனுக்கு சிங்கப்பூர் மாமா கொடுத்த டை ஒன்று இருந்தது. கட்டத்தான் தெரியாது. காலையில் பஸ்ஸில் நின்றபடி கட்டிக் கட்டிப் பார்ப்பான். "தம்பி, தூக்கு மாட்டிக்கிறதா இருந்தா எறங்கிப் போயி மாட்டிக்க, எனக்குக் கேசு ஆயிடும்" என்பார் கண்டக்டர். செல்வம்மாளோ தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதி வாங்கி, போகும்போதும் வரும்போதும் படகில் உரக்க ஒப்பிப்பாள். படகோட்டும் பூபதிக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் எங்கேயாவது தடுக்கினால், துடுப்பை நிறுத்தாமலே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பான்.

இன்டர்வியூ கம்பெனி ஆபீசில்தான் நடந்தது. மேனேஜர் பேர் சாலமன். வழுக்கைத் தலை, சாந்தமான முகம். ஒருத்தரையும் மிரட்டவில்லை. மத்தியானத்துக்குள் மற்றவர்களை அனுப்பிவிட்டு கௌஸையும் செல்வம்மாளையும் மட்டும் உட்கார வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்லை. எங்கிட்ட இருக்கிறது ஒரு இடம். யாருக்குக் கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

கம்பெனிக்காரர்கள் வைக்கிற பொறி அது. தனக்காக யார் அடித்துப் பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் விஷயம். கௌஸ் டையைத் தடவி விட்டுக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் செல்வம்மாள் முந்திக்கொண்டாள்.

"சீட்டுப் போட்டுடுங்க சார்."

சாலமன் சிரித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. அந்த வேடிக்கைக்காகவே ஒரு தாளைக் கிழித்து இரண்டு பேரையும் எழுதினார். மடிக்கப் போகும்போது, "என் பேர ஒரு தபா காட்டுங்க சார்" என்றாள் அவள். தன்மேல் சந்தேகப்படுகிறாளோ என்று நினைத்து அவர் காட்டினார். சந்தேகம் ஒன்றும் இல்லை. சீட்டில் தன் பேர் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

டீ கொண்டுவந்த பியூன் ஒரு சீட்டை எடுத்தார். கௌஸ் மைதீன்.

கௌஸுக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவள் சாதாரணமாக எழுந்து, "சரி சார். மொதல்ல அண்ணாவுக்கு. நான் அடுத்த வருசம் வரேன்" என்றாள்.

"தாராளமா வாங்க" என்றார் சாலமன். வீட்டு வாசலில் விருந்தாளியை வழியனுப்பும்போது நாம் எல்லாரும் சொல்கிற தாராளமா வாங்கதான் அது. அவள் அதை ஊர்க்கூட்டத்துத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "அண்ணா, அடுத்த பாடு என்னுது" என்று அவள் சொல்ல, "ஆமா செல்வம், அடுத்தது உன்னுதுதான்" என்றான் கௌஸ். ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆறுதலுக்குச் சொல்லி வைத்தான். வீட்டில் வரதன் கேட்டது ஒரே கேள்வி. "எழுதிக் குடுத்தானா?"

"சீட்டுப் போட்டாச்சி நைனா. நான் ரெண்டாவது."

வரதனுக்கு அது போதும். எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதலாம், விழுந்த சீட்டை யாரும் மாற்ற முடியாது. இருசம்மாளும் அக்கம்பக்கத்தில், "எம்பொண்ணுக்கு வர்ற வருசம் கம்பெனில பாடு" என்று சொல்லி வைத்தாள். கேட்ட ஒருத்தர்கூட அது எப்படி என்று கேட்கவில்லை. குப்பமே சேர்ந்து ஒரு தப்பைச் செய்தால் அது யார் கண்ணுக்கும் தப்பாகத் தெரிவதில்லை.

அடுத்த வருஷம் மறுபடி அறிவிப்பு வந்தது. மறுபடி லைப்ரரிப் புத்தகம் காணாமல் போனது. செல்வம்மாள் ஒரு வரி படிக்கவில்லை. படகில் அவள் சும்மா வருவதைப் பார்த்து, "இன்னா, இந்த வருசம் ஒப்பிக்கலியா?" என்று பூபதி கேட்டதற்கு, "எதுக்கு? என் பாடுதான்" என்றாள். காட்டூரிலிருந்து வந்து படித்த தாமோதரன் அவளுக்கு ஒரு வருஷம் சின்னவன், விவசாயி வீட்டுப் பையன். அவன் விழுந்து விழுந்து படிப்பதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"தாமு, ஏன்டா மெனக்கெடுற? இந்த வருசம் என்னுது. போன வருசமே சீட்டு ஆயிடுச்சி."

தாமோதரனுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் ஊரில் வயலுக்கு ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். "அப்டியாக்கா? அப்ப சும்மா வந்து பாத்துட்டுப் போறேன்" என்றான். ஆனாலும் அவன் படிப்பை விடவில்லை, புத்திசாலி.

ஆபீஸ் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாலமன் உள்ளே வந்ததும் செல்வம்மாளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க போன வருஷம் வந்தவங்கதானே?"

"ஆமா சார். என் பாட்டுக்கு வந்திருக்கேன்."

"உங்க பாட்டுக்கு வந்தா எப்படிம்மா? காலேஜ்லேர்ந்து பேர் அனுப்பணுமே."

"பேரு அனுப்பிட்டாங்க சார். நான் சொன்னது பாடு. என் பாடு. போன வருசம் சீட்டுல அண்ணாவுக்கு மொதல்ல வந்துச்சி. இப்ப எனக்கு."

சாலமனுக்குப் புரிய வைக்க அவள் குப்பத்துக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. போன வருஷம் தான் விளையாட்டாகச் செய்தது இந்தப் பெண்ணுக்கு விளையாட்டாக இருக்கவில்லை என்று தெரிந்தது. படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்திருந்த கௌஸ் மைதீனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இவங்களுக்கு நீங்க அப்படி ஏதாவது சொன்னீங்களா?"

கௌஸ் இவளைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். அவன் வேலை இன்னும் உறுதியாகவில்லை. "சொன்னேன் சார். அடுத்தது உன்னுதுன்னு சொன்னேன். எங்க ஊர்ல அப்டித்தான் சார்" என்றான். அந்த அளவுக்காவது சொன்னானே என்று செல்வம்மாளுக்குக் கண் கலங்கியது.

சாலமன் மற்ற நாலு பேர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டீங்க. நீங்க நாலு பேரும் ஒத்துக்கிட்டா, நான் இப்பவே இந்த இடத்தை இவங்களுக்குக் கொடுத்துடறேன்."

எங்கெங்கிருந்தோ புறப்பட்டு வந்தவர்கள். மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கூடை காத்திருக்கும். தாமோதரன் மட்டும் எழுந்தான்.

"நான் ஒத்துக்கிறேன் சார். ஆனா அடுத்த வருசம் எனக்குத்தானே?"

சாலமன் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். "அடுத்த வருஷம் நானே இங்கே இருப்பேனான்னு தெரியாதுப்பா. இந்தத் திட்டமே இருக்குமான்னு தெரியாது."

செல்வம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. குப்பத்தில் கடைசிச் சீட்டுக்காரன் ஏன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால், அவன் நாள் வரும்போது சீட்டுக் குலுக்கியவர்களும் முன்னால் போனவர்களும் அதே கரையில்தான் நிற்பார்கள். வாக்கு மாறினால் முகத்தில் விழிக்க வேண்டும். இங்கே யாரும் நிற்கப் போவதில்லை. ஒரு வருஷமாகத் தான் காத்திருந்தது யாரும் இல்லாத கரையில் என்று தெரிந்ததும் அவமானம் பிடுங்கித் தின்றது. அழுதுவிடலாம் போல இருந்தது. அழுதால் கூடைதான். கூடை என்று நினைத்ததும் கோபம் வந்து அழுகையைத் தள்ளிவிட்டது.

"அப்ப கேள்வி கேளுங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கேட்டார். எல்லாரையும்தான் கேட்டார். தாமோதரன் பிரமாதமாகச் சொன்னான், இங்கிலீஷிலேயே சொன்னான். செல்வம்மாளுக்குப் போன வருஷத்துப் பத்தியில் முதல் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. எடுத்துக் கொடுக்கப் பூபதியும் இல்லை.

"இங்கிலீஷ் இவ்வளவுதானா?" என்றார் சாலமன்.

"போன வருசம் நல்லாப் படிச்சிருந்தேன் சார். உங்க சீட்ட நம்பி இந்த வருசம் படிக்காம வுட்டுட்டேன். நீங்க தாராளமா வாங்கன்னீங்க. அப்டி சொல்லாம, அது சும்மா வெளயாட்டும்மா, போயி படின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கி இங்க யாரும் என்னாண்ட நிக்க முடியாது. மறுபடி படிக்க எனக்கு ஒரு மாசம் போதும் சார். அந்த ஒரு மாசம் நீங்க எனக்குத் தரணும்."

கௌஸ் மைதீன் டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாலமன் பேனாவை மூடி வைத்தார். இறால் விற்க வருகிற கமிஷன்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்லித் தன்னை ஏய்த்துக்கொண்டிருப்பதாகவும், அவர்கள் முன்னால் உட்கார்ந்து இப்படிப் பேசுவதற்குத்தான் தனக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். இடம் செல்வம்மாளுக்கு என்றார்.

அவளுக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். அம்மாவின் கழுத்தை நினைத்துக்கொண்டாள், நெஞ்சு லேசாகிப் போனது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் தாமோதரன் பக்கத்தில் வந்து நின்றபோது அந்த லேசு போய்விட்டது.

"அக்கா, ஆபீசரு தெரியாதுன்னாரு. ஆனா நீ அங்கதானே இருப்ப? கௌஸ் அண்ணா உனக்கு சொன்னாப்ல நீ எனக்குச் சொல்லு. அடுத்தது என்னுதுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்க எவ்வளவு இதமாக இருக்கும் என்றும் தெரியும், போன வருஷம் இதே ஸ்டாப்பில் ஏறிய பஸ்ஸில் கேட்டவள்தானே.

"இல்ல தாமு. அங்க பாடு கெடையாது. உனக்குன்னு யாரும் எடுத்து வெக்க மாட்டாங்க. நீ படிச்சிட்டு வா."

"நான் உன்ன விட நல்லா சொன்னேனேக்கா."

"ஆமா. நல்லாத்தான் சொன்ன."

பஸ் வந்ததும் அவன் முதலில் ஏறினான். பொன்னேரி வரைக்கும் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அவளும் கூப்பிடவில்லை. வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டு எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை.

படகு கரை சேரும்போது இருசம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மகள் இறங்குவதற்குள், கழுத்தோடு உடம்பையும் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"இன்னாடி, பாடு வந்துச்சா?"

"வேல கெடச்சிடுச்சிம்மா."

இருசம்மாள் கையெடுத்து ஏரியைக் கும்பிட்டாள். பிறகு மகளின் கண்ணைப் பார்த்தாள். "அதுக்கு ஏன்டி மொகம் இப்டி வீங்கிக் கீது? வேல வந்தா இன்னா, பாடு வந்தா இன்னா, ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா" என்றாள் செல்வம்மாள். "பாடா இருந்தா, எனக்கு அப்பறம் யாருதுன்னு கேட்டா ஒரு பேரச் சொல்லியிருப்பேன்."